பரிசேயருக்கான தியானம்: மட்டக்களப்பில் ஒரு தவக்கால வார இறுதி

மட்டக்களப்பு நகருக்குத் தெற்கே, கல்முனை வீதியிலிருந்து வாவிப் பக்கமாக இறங்கும் ஒழுங்கையொன்றின் முடிவில் கத்தோலிக்கத் தியான இல்லம் ஒன்று இருக்கிறது. உயிர்ப்புப் பெருவிழாவுக்கு முந்திய நோன்புக் காலமான தவக்காலத்தில் அங்கே வெள்ளி மாலை தொடங்கி ஞாயிறு மதியம் முடியும் தியானமொன்றை நடத்துகிறார்கள். லூக்கா நற்செய்தியின் 18ஆம் அதிகாரத்தில், தங்களை நீதிமான்கள் என்று நம்பிப் பிறரை இகழ்ந்தவர்களுக்கு இயேசு சொன்ன பரிசேயர், வரிதண்டுபவர் உவமைதான் மூன்று நாளுக்கும் பொருள். மோசேயின் சட்டத்தைக் கண்டிப்பாகப் பின்பற்றிய யூதப் பிரிவினரான பரிசேயருள் ஒருவர், தாம் மற்றவர்களைப் போலவோ இந்த வரிதண்டுபவரைப் போலவோ இல்லை என்று கோயிலில் கடவுளுக்கு நன்றி சொல்கிறார்; வரிதண்டுபவரோ மார்பில் அறைந்துகொண்டு இரக்கம் கேட்கிறார், அவரே கடவுளுக்கு ஏற்புடையவராக வீடு திரும்புகிறார். இல்லத்தின் பெயரையும் உரையாற்றியவர்களின் பெயர்களையும் வெளியிட வேண்டாம் என்று நடத்துவோர் கேட்டுக்கொண்டதால் அவற்றை இங்கே தரவில்லை. தாழ்ச்சியைப் பற்றிய தியானத்துக்கு எப்படி விளம்பரம் செய்வது என்பது அவர்களுக்கே இன்னும் தீராத சிக்கல் என்று தோன்றுகிறது. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: போக வேண்டிய தியானம் இது, ஆனால் முடிய வேண்டிய இடத்துக்கு ஒரு படி முன்னதாகவே முடிந்துவிடுகிறது.

பதிவு மேசையில் தரப்படும் அட்டையில் பெயரை மட்டுமே எழுத வேண்டும். பதவி, பங்கு, பட்டம் எதுவும் கூடாது. எங்கள் பகுதியில் இது சிறிய விடயமன்று. ஓய்வுபெற்று எத்தனை ஆண்டுகள் கழிந்தாலும் அதிபர் அதிபர்தான். பங்குப் பேரவைச் செயலாளரும் மரியாயின் சேனைத் தலைவியும் கோயில் வாசலிலேயே பதவி சொல்லி வரவேற்கப்படுபவர்கள். அன்றிரவுச் சாப்பாட்டுக்குள்ளேயே 'சேர்', 'டீச்சர்' என்ற அழைப்புகள் திரும்பி வந்துவிட்டன என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஆயினும் கதிரைகளை வட்டமாகப் போட்டிருந்ததால் முன்வரிசை என்று ஒன்று இருக்கவில்லை. முன்வரிசைக்குப் பழகியவர்கள் எங்கே உட்காருவது என்று சற்று நேரம் தடுமாறியதைப் பார்க்க முடிந்தது. வாவிக்குக் கிழக்கே எழுவான்கரையில் இருப்பவர் மேற்குக் கரையான படுவான்கரையின் மக்களைக் கொஞ்சம் கீழாகப் பார்ப்பதும், அவர்கள் அதை அறிந்தும் அறியாதவர்கள் போல இருப்பதும் இம்மாவட்டத்தின் பழைய வழக்கம். கோயிலுக்குள் நுழையும்போது செருப்பைக் கழற்றுவது போல அதை எவரும் வாசலில் கழற்றி வைப்பதில்லை. இங்கே படுக்கையறைகளை ஒதுக்கியவர்கள் இரு கரையாரையும் வேண்டுமென்றே கலந்து போட்டிருந்தார்கள். அதை எவருக்கும் விளக்கிச் சொல்லாமல் விட்டது இன்னும் நல்லது.

முதல் உரைதான் இந்தத் தியானத்தின் உச்சம். உவமையைச் சொல்லும்போது பரிசேயரை ஒரு நகைப்புக்குரிய பாத்திரமாக்கிவிடுவது மறையுரைகளில் வழமை. இந்த அருட்தந்தையோ ஏறக்குறைய ஒரு மணிநேரம் பரிசேயருக்காக வாதாடினார். மோசேயின் சட்டம் எல்லோரும் நோன்பிருக்கக் கட்டளையிட்டது ஆண்டுக்கு ஒரு நாள், பாவக் கழுவாய் நாளில் மட்டுமே. இவரோ வாரத்துக்கு இருமுறை நோன்பிருக்கிறார். தன் வருவாய் முழுவதிலும் பத்திலொரு பங்கு கொடுக்கிறார். கொள்ளைக்காரர் அல்லர், பிறரின் மனைவியைத் தேடிப் போகிறவர் அல்லர், பொய் சொல்லவும் இல்லை; அவர் தன்னைப் பற்றிச் சொன்ன ஒவ்வொன்றும் உண்மை. மறுபக்கத்தில் வரிதண்டுபவர் வெறுமனே சமூகம் ஒதுக்கிவைத்த ஓர் ஏழை அல்லர். சுங்கத்தைக் குத்தகைக்கு எடுத்து, கட்ட வேண்டியதைக் கட்டி, மேலதிகமாகக் கறந்ததைத் தனக்கு வைத்துக்கொள்ளும் முறையில் வாழ்ந்தவர். அவரால் உண்மையாகவே நட்டப்பட்ட குடும்பங்கள் இருந்திருக்கும். இந்த இருவரில் எவரைத் தங்கள் பங்குப் பேரவைக்குத் தெரிவுசெய்வீர்கள் என்று அருட்தந்தை கேட்டபோது மண்டபத்தில் எழுந்த சிரிப்பு அவ்வளவு சுகமான சிரிப்பாக இருக்கவில்லை.

அவரது வாதத்தின் பயன் பிறகுதான் தெரிந்தது. பரிசேயரின் குற்றம் அவர் செய்த நன்மைகளில் இல்லை. கோயிலில் கடவுளுக்கு முன் நின்றுகொண்டு, கண்ணை மட்டும் பக்கத்தில் நின்றவர்மேல் வைத்திருந்ததில்தான் இருக்கிறது. அந்த ஒப்பீடு இல்லாவிட்டால் அவரது மன்றாட்டு ஒரு நல்ல நன்றிப்பா. இதற்கு அருட்தந்தை எடுத்துக்காட்டியது நம்மில் பலர் கேள்விப்படாத ஒன்று. திதாக்கே எனப்படும் மிகப் பழைய திருச்சபை நூல், வேடதாரிகள் திங்களிலும் வியாழனிலும் நோன்பிருக்கிறார்கள், ஆகவே நீங்கள் புதனிலும் வெள்ளியிலும் இருங்கள் என்று கிறிஸ்தவர்களுக்குச் சொல்கிறது. கிழமை மாறியது, பக்கத்தில் நிற்பவரைப் பார்த்து நோன்பிருக்கும் பழக்கம் மாறவில்லை. பரிசேயர் என்ற பெயரையே வசைச்சொல்லாக்கி, அதன் வழியாக யூத மக்கள் அனைவரையும் இழிவுபடுத்திய நீண்ட வரலாற்றையும் அவர் தவிர்க்காமல் தொட்டார். திருத்தூதர் பவுல் தம்மைப் பரிசேயர் என்று வெளிப்படையாகவே அறிக்கையிட்டதை நினைவூட்டினார். மறைக்கல்வி வகுப்புகளில் பிள்ளைகளுக்குப் பரிசேயர் வேடத்தைக் கோமாளி உடுப்போடு போட்டுவிடும் ஆசிரியர்கள் இந்த உரையைக் கேட்டிருக்க வேண்டும்.

உணவைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடலாம், ஏனென்றால் அது இதே பொருளின் தொடர்ச்சி. தவக்கால வெள்ளிக்கிழமையில் இறைச்சி விலக்கு. ஆனால் வாவியோரத்தில் வாழும் எங்களுக்கு அதனால் என்ன இழப்பு? இறாலும் நண்டும் வீடுகளில் வேகும் நாளாகவே அது பல இடங்களில் ஆகிவிட்டது. கோழிக்கறியைவிடக் கூடிய விலை கொடுத்து, விதியை ஓர் எழுத்தும் பிசகாமல் நிறைவேற்றிவிடுகிறோம். இந்த இல்லத்தில் வெள்ளி இரவு கஞ்சியும் தேங்காய்ச் சம்பலும் மட்டுமே. சனிக்கிழமை சிவப்பரிசிச் சோறு, பருப்பு, கீரை, கத்தரிக்காய். ஞாயிறு மதியம் மீன் குழம்பும் எருமைத் தயிரும். சமையல் எளிமையானது, சுவையானது, அளவிலும் குறைவில்லை. பாத்திரம் கழுவும் முறைப்பட்டியலில் ஆண், பெண் என்ற வேறுபாடின்றி எல்லோர் பெயரும் இருந்தது. நடைமுறையில் ஆண்கள் கோப்பையோடு குழாயடிக்கு வரும்போதே, "விடுங்க சேர், நாங்க கழுவுறம்" என்று பெண்கள் வாங்கிக்கொண்டார்கள். ஆண்களும் தாழ்ச்சியோடு விட்டுக்கொடுத்தார்கள். பட்டியல் போட்டவர்கள் அந்தக் குழாயடியில் ஒருவரை நிறுத்தியிருக்கலாம்.

ஒவ்வொரு இரவும் படுக்கைக்கு முன் ஆன்மச் சோதனை நடந்தது. இயேசு சபையை நிறுவிய இஞ்ஞாசியாரின், 1548இல் முதன்முதலாக அச்சான ஆன்மீகப் பயிற்சிகளில் உள்ள ஐந்து படிகளைச் சுருக்கி ஒரு தாளில் தந்திருந்தார்கள்: நன்றி சொல்லல், ஒளி வேண்டல், நாளைத் திரும்பிப் பார்த்தல், மன்னிப்புக் கேட்டல், நாளைக்கான உறுதி. மட்டக்களப்புக்கு இது புதிதன்று. 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே இங்கு வந்த இயேசு சபையினர் புனித மிக்கேல் கல்லூரியின் வழியாகப் பல தலைமுறைகளுக்குப் பழக்கிவிட்ட முறைதான். ஆயினும் பரிசேயர் பற்றிய உரைக்குப் பிறகு அதைச் செய்யும்போது ஒன்று புலப்பட்டது. பரிசேயரின் மன்றாட்டும் இஞ்ஞாசியாரின் சோதனையும் ஒரே இடத்தில், நன்றியில்தான் தொடங்குகின்றன. முன்னவர் தாம் யார் அல்லர் என்பதற்கு நன்றி சொல்கிறார். பின்னவரோ கிடைத்தவற்றைக் கணக்கெடுக்கச் சொல்கிறார், கிடைத்தவை என்று எண்ணத் தொடங்கினால் தன் நற்குணமும் அந்தக் கணக்கிலேயே வந்து விழுந்துவிடுகிறது. தாளை வடிவமைத்தவர்கள் இந்தத் தொடர்பை எழுதவில்லை. எழுதியிருந்தால் இரண்டாம் இரவு பலருக்கு அது வெறும் குற்றப்பட்டியலாகச் சுருங்கிப் போயிருக்காது.

சனி காலை அமர்வை ஒரு மெதடிஸ்த போதகர் நடத்தினார். கத்தோலிக்கத் தியானத்துக்கு அவரை அழைத்ததைச் சிலர் முணுமுணுத்தாலும், 1814இல் மெதடிஸ்த மிஷனரி வில்லியம் ஓல்ட் வந்திறங்கிய ஊரில் இதைப் புதுமை என்று சொல்ல முடியாது. மெதடிஸ்த இயக்கத்தைத் தொடங்கிய ஜோன் வெஸ்லி 1738 டிசம்பரில் சிறு குழுக்களுக்கு வகுத்த விதிகளை அவர் விளக்கினார். ஒவ்வொரு கூட்டத்திலும் உறுப்பினர் ஒவ்வொருவரிடமும், கடந்த கூட்டத்துக்குப் பின் அறிந்து செய்த பாவங்கள் எவை என்று கேட்க வேண்டும் என்பது அவ்விதிகளில் ஒன்று. பாவசங்கீர்த்தனக் கூண்டுக்குள் குருவின் காதில் மட்டும் சொல்லிப் பழகியவர்களுக்கு இது அச்சமூட்டும் யோசனை. விளக்கம் தெளிவாக இருந்தது. அதைத் தொடர்ந்த குழுப் பகிர்வைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது. ஐந்து, ஆறு பேராகப் பிரிந்து உட்கார்ந்ததும், முதலாமவர் தனக்குக் கோபம் கூட என்றார். அடுத்தவர் தன் கோபம் அதிலும் மோசம் என்றார். மூன்றாமவர் தன்னைப் போன்ற பாவி இந்த வட்டத்திலேயே இல்லை என்று கண் கலங்கினார். எவரும் ஒரு செயலையோ, ஒரு நாளையோ, நட்டப்பட்ட ஓர் ஆளையோ குறிப்பிடவில்லை. 12ஆம் நூற்றாண்டில் கிளேர்வோ மடத்துப் பெர்நார்து செருக்கின் படிகளைப் பன்னிரண்டாக வகுத்தபோது, தன் பாவத்தை நியாயப்படுத்துவதை எட்டாவது படியாகவும், போலியான பாவ அறிக்கையை ஒன்பதாவது படியாகவும் வைத்தார். அதாவது நியாயப்படுத்துபவரைவிட, மிகைப்படுத்தித் தன்னைத் தாழ்த்துபவர் ஒரு படி மேலே போய்விட்டவர். குழுக்களுக்கு வழிகாட்டிகள் இல்லாதது இந்த அமர்வின் பெருங்குறை. போதகர் ஒரு குழுவிலிருந்து மற்றக் குழுவுக்கு நடந்துகொண்டேயிருந்தார். அவர் அருகில் வந்தபோதெல்லாம் கண்ணீர் கூடியது.

மனச்சாட்சி பற்றிப் பேசிய அருட்சகோதரி, எவரும் அழுவதற்கு இடம் வைக்கவில்லை. என் மனச்சாட்சி சுத்தம் என்று சொல்லி விவாதத்தை முடித்துவிடும் பழக்கத்தை அவர் நேரடியாக எதிர்கொண்டார். பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகத்தின் நான்காம் அதிகாரத்தில், தமக்கு எதிரான குற்றம் எதையும் தாம் உணரவில்லை, ஆனாலும் அதனால் தாம் குற்றமற்றவர் ஆகிவிடவில்லை, தீர்ப்பிடுபவர் ஆண்டவரே என்கிறார். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் வெளியிட்ட, இன்றைய உலகில் திருச்சபை பற்றிய ஆவணத்தின் 16ஆம் பிரிவு, மனச்சாட்சியை மனிதர் கடவுளோடு தனித்திருக்கும் திருத்தலம் என்று உயர்த்திப் பேசுகிறது. அதே பிரிவின் கடைசியில், உண்மையைத் தேட அக்கறைப்படாதவரின் மனச்சாட்சி பாவப் பழக்கத்தால் சிறிது சிறிதாகப் பார்வை இழக்கலாம் என்றும் எச்சரிக்கிறது. முதற்பகுதியை மட்டும் நாம் மனப்பாடம் செய்து வைத்திருக்கிறோம் என்பது சகோதரியின் குற்றச்சாட்டு. மிகையான பாவ அச்சத்தால் ஒரே பாவத்தைத் திரும்பத் திரும்ப அறிக்கையிடுபவர்களுக்கும், எதுவும் உறுத்தாதவர்களுக்கும் வேறுவேறு மருந்து தேவை என்று அவர் பிரித்துச் சொன்னது, இத்தகைய தியானங்களில் அரிதாகவே கேட்கக் கிடைப்பது.

அவரது உரையின் இரண்டாம் பாதியை அம்மண்டபத்தில் எவரும் எதிர்பார்த்திருக்க மாட்டார்கள். 1990 ஆகஸ்டில் வாழைச்சேனையிலிருந்து திரும்பும் வழியில் காணாமற்போன இயேசு சபை அருட்தந்தை யூஜின் ஹெபர்ட்டை நினைவுகூரும் மக்கள் நாங்கள். 2005 நத்தார்ப் பூசையின்போது புனித மரியாள் பேராலயத்துக்குள்ளேயே நாடாளுமன்ற உறுப்பினர் ஜோசப் பரராஜசிங்கம் சுட்டுக் கொல்லப்பட்டதைக் கண்டவர்கள் இன்னும் எங்களிடையே இருக்கிறார்கள். 2019 ஏப்ரல் 21 உயிர்ப்பு ஞாயிறன்று சீயோன் தேவாலயத்தில் நடந்த குண்டுவெடிப்பில் பிள்ளைகள் பலர் உட்பட வழிபடச் சென்றவர்கள் கொல்லப்பட்டார்கள். பாதிக்கப்பட்டவர்கள் என்பது உண்மை. ஆனால் பாதிக்கப்பட்டதாலேயே நீதிமான்கள் ஆகிவிட்டோம் என்று எண்ணுவது பரிசேயரின் மன்றாட்டின் வேறொரு வடிவம் என்றார் சகோதரி. அந்த ஞாயிறுக்குப் பிறகு முஸ்லிம்கள் வாழும் அயலூரான காத்தான்குடியின் கடைகளில் சாமான் வாங்குவதை நிறுத்தியவர்கள், குண்டு வைத்தவர்களோடு எந்தத் தொடர்பும் இல்லாத அயலவர்களைப் பற்றி வீட்டுப் பிள்ளைகள் முன்னால் என்ன பேசினார்கள் என்பதை அன்றைய சோதனையில் கேட்டுப் பார்க்கச் சொன்னார். எவரையும் பெயர் சொல்லிக் குற்றம் சாட்டாமலும் இழப்புகளைச் சிறிதாக்காமலும் இதைச் சொல்ல அசாத்தியத் துணிச்சல் வேண்டும். ஒருவர் எழுந்து வெளியே போனார். தேநீர் வேளையில் அவரும் சகோதரியும் மாமரத்தடியில் நெடுநேரம் பேசிக்கொண்டிருந்தார்கள்.

இவ்வளவு நல்ல ஆயத்தத்துக்குப் பிறகு நடந்த பாவசங்கீர்த்தனம் ஏமாற்றம் தந்தது. சனி மாலை எல்லோருக்கும் சேர்த்து இரண்டு குருக்கள். வரிசை மண்டபத்தைத் தாண்டி முற்றம்வரை நீண்டது, இரவுச் சாப்பாட்டு மணி அடிக்கப்போகிறது என்ற அவசரம் வரிசையிலும் தெரிந்தது, கூண்டிலும் தெரிந்தது. நேரக் குறைவை அடுத்த முறை சரிசெய்துவிடலாம். தியானத்தின் திட்டத்திலேயே விடுபட்டுப் போன ஒன்றுதான் எனக்குப் பெரிதாகப்படுகிறது. வரிதண்டுபவர் மார்பில் அறைந்துகொண்டு வீடு திரும்பியதோடு உவமை முடிகிறது. அடுத்த நாள் அவர் சுங்கச் சாவடிக்குப் போய் என்ன செய்தார் என்று லூக்கா அங்கே சொல்லவில்லை. ஆனால் அடுத்த அதிகாரத்திலேயே எரிகோவின் வரிதண்டுபவர் தலைவர் சக்கேயு வருகிறார். தன் உடைமையில் பாதியை ஏழைகளுக்குக் கொடுப்பதாகவும், எவரையாவது ஏமாற்றியிருந்தால் நான்கு மடங்காகத் திருப்பிக் கொடுப்பதாகவும் எழுந்து நின்று சொல்கிறார். ஏமாற்றி எடுத்ததைத் தானே முன்வந்து திருப்பிக் கொடுப்பவர் முதலோடு ஐந்திலொரு பங்கு சேர்த்தால் போதும் என்பது லேவியர் நூலின் சட்டம். நான்கு மடங்கு என்பது ஆடு திருடியவனுக்கு விடுதலைப்பயண நூல் விதித்த தண்டம். சக்கேயு தனக்குச் சலுகை தேடவில்லை, தன்னைத் திருடனின் இடத்தில் வைத்துக் கணக்குப் பார்த்தார். தாழ்ச்சிக்கு இதைவிடத் திருத்தமான படம் நற்செய்தியில் வேறெங்கும் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. மூன்று நாள் தியானத்தில் அவர் பெயர் ஒருமுறைகூட வரவில்லை.

இது வெறும் விவிலிய விடுபாடு என்றால் இவ்வளவு எழுத வேண்டியதில்லை. கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல், 1459ஆம் எண்ணில், மன்னிப்புப் பாவத்தை நீக்குகிறது, பாவம் விளைவித்த சேதத்தையெல்லாம் சீர்செய்துவிடுவதில்லை என்று தெளிவாகச் சொல்லி, திருடியதைத் திருப்பிக் கொடுத்தல், கெடுத்த பெயரைச் சீராக்கல், காயத்துக்கு ஈடுசெய்தல் ஆகியவற்றை எடுத்துக்காட்டாக அடுக்குகிறது. எங்கள் வாழ்க்கையில் இவை எவையென்று எல்லோருக்கும் தெரியும். அடுத்த வளவுக்குள் ஒரு முழம் தள்ளிப் போட்ட வேலி. மழையால் பயிர் அழிந்த போகத்திலும் குறைக்காமல் வாங்கிய வயற்குத்தகை. வீட்டு வேலைக்கு வந்த பிள்ளைக்குக் கொடுக்காமல் இழுத்தடித்த சம்பளம். 2004 ஆழிப்பேரலைக்குப் பிந்திய நிவாரணப் பட்டியல்களில் தெரிந்தவர் என்பதற்காக மேலே ஏறிய பெயர்களும், எவரும் பரிந்து பேசாததால் விடுபட்ட பெயர்களும். நான் பாவி என்று வட்டத்தில் உட்கார்ந்து சொல்வது இவற்றில் ஒன்றை எழுதிவைப்பதைவிட எவ்வளவோ எளிது. தியானம் எங்களை மார்பில் அறையும் இடம்வரை மிகத் திறமையாகக் கொண்டுவந்து, அங்கேயே ஆசீர்வாதம் கொடுத்து அனுப்பிவிட்டது. ஞாயிறு காலை நிறைவுப் பகிர்வு என்ற பெயரில் நன்றியுரைகளுக்கும் பொன்னாடைகளுக்கும் போன நேரத்தில் ஒவ்வொருவர் கையிலும் ஒரு வெற்றுத் தாளைக் கொடுத்து, யாருக்கு, எதை, எப்போது திருப்பிக் கொடுப்பது என்று எழுதச் சொல்லியிருக்கலாம். தாழ்ச்சி பற்றிய தியானத்தின் முடிவில் பொன்னாடை போர்த்தும் யோசனை எவருக்கு வந்தது என்று கேட்க விரும்பினேன்; போர்த்தப்பட்டவர்களின் முகத்தைப் பார்த்தபோது அவர்களும் அதையே கேட்க விரும்பியதாகத் தெரிந்தது.

வசதிகளைப் பொறுத்தவரை பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. அறைகள் துப்புரவு, கட்டில்கள் பழையவை, மலசலகூடங்கள் போதும். வாவிக்கரை என்பதால் மாலையில் நுளம்புத் தொல்லை கடுமை. வலை தருகிறார்கள், சிலவற்றில் ஓட்டை இருக்கிறது. நிர்ணயித்த கட்டணம் இல்லை. பெயர் எழுதாத உறையில் இயன்றதை இட்டுப் பெட்டியில் போடலாம், பற்றுச்சீட்டும் கிடையாது. மண்டபத்து மின்விசிறிகள் எதிலும் அன்பளிப்புச் செய்தவரின் பெயர் இல்லாதது எங்கள் கோயில்களின் வழக்கத்தை அறிந்தவர்களுக்கு வியப்பளிக்கும். குடிநீர் வடிகட்டிக்கு மேலே மட்டும் ஒரு சலவைக்கல்லில் ஒரு குடும்பத்தின் பெயர் நான்கு வரிகளில் பொறிக்கப்பட்டிருக்கிறது. ஒருவேளை நன்கொடையின் நிபந்தனையாக இருந்திருக்கலாம்.

பங்குகளில் பொறுப்பு வகிப்பவர்களுக்கும், மறைக்கல்வி ஆசிரியர்களுக்கும், பிறரின் தவறு எளிதாகக் கண்ணில் படுகிறது என்று தாமே உணர்பவர்களுக்கும் இதை முதலில் பரிந்துரைப்பேன். பாவ அச்சத்தால் ஏற்கெனவே வாடுபவர்கள் தனியாக ஒரு குருவிடம் பேசிவிட்டுப் போவது நல்லது. சனி காலைக் குழுப் பகிர்வு அவர்களுக்கு உதவாது. அறிவித்தல் தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனுக்கு முன் கோயில் அறிவித்தல் பலகைகளில் ஒட்டப்படும். இடங்கள் குறைவு என்பதால் பங்குத்தந்தையிடம் முன்கூட்டியே பெயர் கொடுக்க வேண்டும். படிகளில் ஏற முடியாதவர்கள் கீழ்த்தள அறையைக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். ஞாயிறு பிற்பகலில் படுவான்கரைப் பக்கம் பஸ் அரிது, ஆகவே அங்கிருந்து வருபவர்கள் திரும்பும் வாகனத்தை முன்னரே பேசி வைத்துக்கொள்ள வேண்டும்.